விண்டோஸ் 3.1-இல் பல நிரல்கள் சேர்ந்து ஓடும்போது வரும் திணறலைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

386 அல்லது 486 கணினியில் விண்டோஸ் 3.1 ஓடுகிறது. ஒரு சாளரத்தில் கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றில் டாஸ் (விண்டோஸுக்கு அடியில் இருக்கும் பழைய இயங்குதளம்) நிரல் கணக்குப் போடுகிறது, முன்னால் எழுத்துச் செயலி திறந்திருக்கிறது. திடீரென்று எல்லாம் தடங்குகிறது. உடனே பிரையாரிட்டி, அதாவது முன்னுரிமை, எண்ணை ஏற்றிப் பார்ப்பதுதான் பலரின் வழக்கம். அது பெரும்பாலும் தவறான இடம். செயலியின் நேரம் சரியாகப் பங்கிடப்படாததால் வரும் திணறல் ஒரு வகை. ரேம் போதாமல் ஹார்ட் டிஸ்கில் எழுதிப் படிப்பதால் வருவது வேறு வகை. ஒரு நிரல் கட்டுப்பாட்டைத் திருப்பித் தராமல் பிடித்துவைத்திருப்பதால் வருவது மூன்றாவது. முதல் வகைக்கான மருந்து மற்ற இரண்டிலும் வேலை செய்யாது. எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே சொல்லும் மாற்றங்கள் பெரும்பாலும் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பிலும், ஒவ்வொரு டாஸ் நிரலும் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் பிஃப் கோப்புகளிலும் நடப்பவை. சிஸ்டம்.ஐஎன்ஐ-யை வேறு பெயரில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விண்டோஸை மூடித் திறந்து, அளந்து பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

யார் யாருடன் நேரத்தைப் பங்கிடுகிறார்கள்

புரோகிராம் மேனேஜரின் ஹெல்ப் பட்டியலில் அபவுட் என்பதைத் திறந்தால் எந்த முறையில் ஓடுகிறது என்று காட்டும். '386 என்ஹான்ஸ்டு' என்று இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு முறையில் டாஸ் நிரலை விட்டு வெளியே வந்தால் அது அப்படியே உறைந்து நிற்கும். பின்னணியில் ஓட்டவே முடியாது. 286 கணினிகளில் இதைத் தவிர வேறு வழியில்லை. 386-இல் என்ஹான்ஸ்டு முறை தானாக வரவில்லை என்றால் 'வின் /3' என்று கொடுத்துத் தொடங்கலாம்.

என்ஹான்ஸ்டு முறையில் ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் தனித்தனி மெய்நிகர் கணினி கிடைக்கிறது. 386 செயலியின் மெய்நிகர் 8086 வசதிதான் இதற்கு அடிப்படை. இந்த மெய்நிகர் கணினிகளுக்கு இடையே நேரம் கட்டாயமாகப் பிரிக்கப்படுகிறது: முறை முடிந்ததும் நிரலின் சம்மதம் கேட்காமல் கட்டுப்பாடு பறிக்கப்படும். ஆனால் விண்டோஸ் நிரல்கள் எத்தனை திறந்திருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே மெய்நிகர் கணினிக்குள் இருக்கின்றன. அவற்றுக்குள் கட்டாயப் பங்கீடு கிடையாது. ஒரு நிரல் தனக்கு வந்த செய்தியை (விசை, சுட்டி அசைவு போன்றவை) முடித்துவிட்டு அடுத்த செய்தியைக் கேட்கும்போதுதான் இன்னொரு நிரலுக்கு வாய்ப்பு. ஆகவே ஐந்து விண்டோஸ் நிரல்களும் ஒரு டாஸ் நிரலும் ஓடினால், நேரப் பங்கீட்டாளருக்கு அது ஆறு பேர் அல்ல, இரண்டு பேர்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

இரண்டு கடிகாரச் சோதனை

விண்டோஸுடன் வரும் கிளாக் நிரலைத் திறந்து, விநாடிகளும் தெரியும்படி அமையுங்கள். அடுத்து டாஸ் சாளரம் ஒன்றில் கியூபேசிக் (டாஸுடன் வரும் பேசிக் நிரல்மொழி) திறந்து, திரையின் ஒரே இடத்தில் ஏறுமுகமாக எண்ணை அச்சிட்டுக்கொண்டே இருக்கும் சிறு நிரலை எழுதுங்கள். அதன் பிஃப்பில் பேக்கிரவுண்டு என்ற கட்டம் தேர்வாகியிருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திணறலை உண்டாக்கும் வேலையைச் செய்யுங்கள்.

கடிகாரம் நின்றது, எண்ணும் நின்றது, சற்று நேரம் கழித்து எல்லாம் உயிர்பெற்றபோது எண் பெரிதாகத் தாவியிருந்தால், குற்றவாளி ஒரு விண்டோஸ் நிரல். டாஸ் நிரல் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சாளரத்துக்குள் இருக்கும் டாஸ் திரையை வரைந்து காட்டுவது விண்டோஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு நிரல் என்பதால், அதுவும் மற்றவற்றுடன் சேர்ந்து காத்திருந்தது. சாளரம் உறைந்ததைப் பார்த்து டாஸ் நிரலே நின்றுவிட்டது என்று முடிவு செய்வது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இந்த வகைத் திணறலுக்கு எந்த அமைப்பு எண்ணும் மருந்தாகாது. அந்த விண்டோஸ் நிரலின் பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்ய வேண்டும், அல்லது அதே வேலைக்கு டாஸ் பதிப்பு இருந்தால் அதைத் தனி மெய்நிகர் கணினியில் ஓட்ட வேண்டும்.

எண் தாவாமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால், இயந்திரம் முழுவதுமே தடுக்கப்பட்டிருந்தது. ஃபிளாப்பி ஃபார்மேட் செய்யும்போது இதைத் தெளிவாகக் காணலாம். ஃபிளாப்பி வேலை பயாஸ் (கணினியின் சில்லில் பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) வழியாக நடக்கிறது. டாஸும் பயாஸும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே வேலை செய்யக்கூடியவை. ஒரு மெய்நிகர் கணினி உள்ளே இருக்கும்போது அதே கதவைத் தட்டும் மற்றவை வெளியே நிற்கும். பின்னணியில் கோப்பு இறங்கும்போது ஃபிளாப்பியைத் தொடாமல் இருப்பதே இதற்கு வழி.

இரண்டும் நிற்காமல் விட்டுவிட்டு நகர்ந்து, ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. விண்டோஸ் கடிகாரம் சீராக ஓடி, டாஸ் எண் மட்டும் அசையாமல் நின்றால் பிஃப் அமைப்பைப் பாருங்கள்.

அளவெடுப்பது

கண்ணால் பார்த்து 'வேகமாகிவிட்டது' என்று சொல்வதில் பயனில்லை. கியூபேசிக்கில் எதையும் அச்சிடாமல் எண்ண மட்டும் செய்யும் ஃபார்-நெக்ஸ்ட் சுழல் ஒன்று போதும். மாறியை லாங் வகையாக அறிவியுங்கள். இன்டிஜர் 32,767-ஐத் தாண்டாது. வகை சொல்லாமல் விட்டால் கியூபேசிக் அதைச் சிங்கிள் வகையாக எடுத்துக்கொள்ளும். அது மெதுவானது மட்டுமல்ல, 1,67,77,216-க்கு மேல் ஒன்றொன்றாகக் கூட்ட முடியாமல் சுழல் முடிவின்றி ஓடும்.

விண்டோஸ் இல்லாத வெறும் டாஸில் இந்த நிரல் முடிய ஏறத்தாழ 60 விநாடி ஆகும்படி எல்லை எண்ணைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கடிகாரத் துடிப்பு அந்தக் கணினிக்கு முறை வரும்போதுதான் வந்துசேரும் என்பதால், நாம் அளக்க நினைக்கும் அந்தத் தாமதமே அந்த அளவுகோலையும் பாதிக்கும்.

இப்போது அதே நிரலை விண்டோஸுக்குள் முழுத்திரையில் முன்னணியில் ஓட்டுங்கள். மற்ற விண்டோஸ் நிரல்கள் சும்மா இருந்தால் 60-ஐ ஒட்டியே வர வேண்டும். சும்மா இருக்கும் விண்டோஸ் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும். அடுத்து இதே போன்ற இன்னொரு டாஸ் சுழலைப் பின்னணியில் விடுங்கள். முன்னணிக்கு 100, பின்னணிக்கு 50 என்ற இயல்பு எண்கள் இருந்தால் முன்னணிக்குக் கிடைப்பது 150-இல் 100, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 60 விநாடி வேலை 90 விநாடியில் முடிய வேண்டும். விண்டோஸும் பின்னணியில் மும்முரமாக இருந்தால் அதன் 50-ஐயும் சேர்த்து 200-இல் 100. 120 விநாடி ஆகும்.

இந்தக் கணக்குக்கு அருகில் அளவு வந்தால் பங்கீடு சரியாக நடக்கிறது என்று பொருள். 90 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் எண்களை மாற்றிப் பயனில்லை, நேரம் வேறெங்கோ போகிறது.

பிஃப் அமைப்புகள்

மெயின் குழுவில் பிஃப் எடிட்டர் இருக்கிறது. மோடு பட்டியலில் 386 என்ஹான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே கீழே சொல்பவை தெரியும்.

எக்ஸிக்யூஷன் வரிசையில் பேக்கிரவுண்டு, எக்ஸ்க்ளூசிவ் என்று இரண்டு கட்டங்கள். முதலாவது இல்லையென்றால் நிரல் பின்னணிக்குப் போனதும் நின்றுவிடும். இரண்டாவது இருந்தால், இந்த நிரல் முன்னணியில் இருக்கும்வரை மற்றவை பேக்கிரவுண்டு தேர்வு செய்திருந்தாலும் நிறுத்தப்படும். எக்ஸ்க்ளூசிவை விளையாட்டுகளுக்கு மட்டும் வையுங்கள். ஒரே ஒரு பிஃப்பில் அதை மறந்துவிட்டாலும் பின்னணி வேலை முழுவதும் பாழாகும்.

அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தினால் பேக்கிரவுண்டு பிரையாரிட்டி 50, ஃபோர்கிரவுண்டு பிரையாரிட்டி 100 என்று இருக்கும். இவை சதவீதம் அல்ல, எடைகள். ஒருவருக்கு 1,000 கொடுத்தாலும் மற்றவர் அனைவருக்கும் 1,000 கொடுத்தால் எதுவும் மாறாது. பின்னணியில் தரவு பெறும் நிரலுக்கு 100 முதல் 200 வரை கொடுத்துவிட்டு, வெறும் கணக்குப் போடும் நிரல்களை 50-இலேயே விடுவது நல்ல தொடக்கம்.

பக்கத்தில் இருக்கும் டிடெக்ட் ஐடில் டைம் என்ற கட்டத்தை அக்கறையாகக் கவனியுங்கள். அதிகம் குழப்புவது இதுதான். டாஸ் நிரல்கள் விசைக்குக் காத்திருக்கும்போது பயாஸின் விசைப்பலகைச் சேவையை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்து 'சும்மா இருக்கிறது' என்று விண்டோஸ் முடிவு செய்து அதன் நேரத்தை மற்றவருக்குக் கொடுக்கும். எழுத்துச் செயலிக்கு இது சரி. ஆனால் வேலைக்கு நடுவே 'யாராவது எஸ்கேப் அழுத்தினார்களா' என்று அடிக்கடி பார்க்கும் நிரலையும் விண்டோஸ் சும்மா இருப்பதாக நினைத்துவிடும். பின்னணி நிரல் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடினால் முதலில் இந்தக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். நீங்களே டாஸ் நிரல் எழுதுபவரானால் 2எஃப் குறுக்கீட்டைப் பதினாறடிமான எண் 1680 உடன் அழைத்தால் போதும். உண்மையில் காத்திருக்கும் தருணத்தில் மட்டும் நேரத்தை விட்டுக்கொடுக்கலாம், விண்டோஸ் ஊகிக்க வேண்டியதில்லை.

நினைவக வரிசைகளில் கேபி டிசையர்டு 640 என்று இருக்கும். 200 கேபி-யில் ஓடும் நிரலுக்கு 256 கொடுங்கள். நான்கு டாஸ் நிரல்களுக்கு 640 வீதம் 2,560 கேபி; 4 எம்பி ரேமில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். இஎம்எஸ், எக்ஸ்எம்எஸ் (640 கேபி-க்கு மேல் டாஸ் நிரல்கள் பயன்படுத்தும் கூடுதல் நினைவக வகைகள்) எல்லைகள் 1024 என்று இருக்கும். நிரல் அவற்றைப் பயன்படுத்தாவிட்டால் இரண்டையும் 0 ஆக்குங்கள். -1 என்றால் எல்லையே இல்லை என்று பொருள். கிடைப்பதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளும் நிரல்களுக்கு அதைக் கொடுத்தால் மற்றவை பட்டினி.

முடிந்த இடத்திலெல்லாம் டாஸ் நிரலை முழுத்திரையில் ஓட்டுங்கள். ஆல்ட்-என்டர் அழுத்தினால் முழுத்திரைக்கும் சாளரத்துக்கும் மாறலாம். சாளரத்தில் ஓடும்போது ஒவ்வொரு எழுத்தும் கிராஃபிக்ஸாக மீண்டும் வரையப்படுகிறது. நிறைய அச்சிடும் நிரலில் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

விண்டோஸுக்கு முன்பே ஏற்றப்படும் டிரைவர்களும் நினைவகத்தில் தங்கும் நிரல்களும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்குள்ளும் இடம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். விண்டோஸ் பக்கத்துக்கு மட்டும் தேவையானவற்றை ஆட்டோஎக்ஸெக்கில் வைக்காமல் வின்ஸ்டார்ட்.பேட் கோப்பில் வைத்தால் டாஸ் நிரல்களுக்கு அந்த இடம் மிச்சமாகும்.

நேரத் துண்டு

கன்ட்ரோல் பேனலில் 386 என்ஹான்ஸ்டு படத்தைத் திறந்தால் மினிமம் டைம்ஸ்லைஸ் 20 மில்லிவிநாடி என்று இருக்கும். ஒரு மெய்நிகர் கணினிக்கு முறை வந்தால் குறைந்தது இவ்வளவு நேரம் அதன் கையில் இருக்கும். மூன்று கணினிகள் மும்முரமாக இருந்தால் ஒருவர் தன் முறைக்குக் குறைந்தது 40 மில்லிவிநாடி காத்திருப்பார். எண்ணைக் குறைத்தால் அசைவு சீராகும், ஆனால் மாறும் வேலையே செயலியின் நேரத்தைத் தின்னும். 386 எஸ்எக்ஸ் போன்ற மெதுவான கணினியில் 20-க்குக் கீழே போவதைப் பரிந்துரைக்க மாட்டோம். 486-இல் 10 வைத்துப் பார்க்கலாம். பின்னணிக் கணக்கு மட்டுமே முக்கியம் என்றால் 50 வரை ஏற்றலாம். தட்டச்சு சற்றுத் திக்கும்.

தட்டிய எழுத்து தாமதமாக வருவதுதான் குறை என்றால் இதைத் தொடாதீர்கள். சிஸ்டம்.ஐஎன்ஐ-யின் 386என்ஹ் பகுதியில் கீபூஸ்ட்டைம் என்ற வரி அதற்கென்றே இருக்கிறது: விசை வந்ததும் அந்த நிரலுக்குச் சிறிது நேரம் முன்னுரிமை. இயல்பு 0.001 விநாடி. 0.005, பிறகு 0.01 என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

அதே கன்ட்ரோல் பேனல் பெட்டியில் விண்டோஸ் பக்கத்தின் பங்கும் 100, 50 என்று இருக்கும். டாஸ் பக்கம் முக்கியமான கணினியில் இரண்டாவது எண்ணை 20 வரை இறக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் இன் ஃபோர்கிரவுண்டு என்பது தேர்வாகியிருந்தால் விண்டோஸ் நிரல் முன்னால் வந்ததும் எல்லா டாஸ் நிரல்களும் நிற்கும்; 'நேற்று வரை ஓடியது, இன்று நின்றுவிட்டது' என்ற புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

சுவாப் ஃபைலும் கேஷும்

ரேமில் இடமில்லாதவற்றை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதிவைக்கும் கோப்புதான் சுவாப் ஃபைல். தற்காலிக சுவாப் ஃபைல் டாஸ் வழியாக எழுதப்படுகிறது, மெதுவானது. நிரந்தர சுவாப் ஃபைலுக்கு ஹார்ட் டிஸ்கில் தொடர்ச்சியான இடம் தேவை. கிடைத்தால் டாஸைத் தாண்டி நேராக எழுதும். அமைக்கும் வரிசை இது:

1. விண்டோஸை முழுவதும் மூடி, வெறும் டாஸில் டிஃபிராக் (டிஸ்கில் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் நிரல்) ஓட்டுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டக் கூடாது.
2. விண்டோஸைத் திறந்து, கன்ட்ரோல் பேனல், 386 என்ஹான்ஸ்டு, வெர்ச்சுவல் மெமரி, சேஞ்ச் என்று செல்லுங்கள்.
3. வகையைப் பெர்மனென்ட் ஆக்குங்கள். 4 எம்பி ரேமுக்கு 8 எம்பி போதுமானது. விண்டோஸ் தானாகச் சொல்லும் அளவு பெரும்பாலும் தேவைக்கு மேல் இருக்கும்.
4. 32-பிட் டிஸ்க் ஆக்ஸஸ் என்ற கட்டம் தெரிந்தால் தேர்ந்தெடுத்து, விண்டோஸை மீண்டும் தொடங்குங்கள்.

நான்காவது படிதான் டாஸ் நிரல்கள் பல ஓடும் கணினிக்கு மிகப் பெரிய வரம். அது இல்லாதபோது டிஸ்க் வேலை பயாஸ் வழியாகப் போவதால், டாஸ் நிரல்களின் நினைவகத்தை வெளியே மாற்றுவது பாதுகாப்பானதல்ல. அவை ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் டாஸ் நிரல்களின் சும்மா கிடக்கும் பகுதிகளும் டிஸ்குக்குப் போகும், கூடுதலாக நிரல்கள் திறக்கலாம். ஆனால் இந்த டிரைவர் வெஸ்டர்ன் டிஜிட்டல் 1003 வகைக் கட்டுப்படுத்திக்கு ஒத்தவற்றுக்கு மட்டும். 504 எம்பி-க்கு மேற்பட்ட டிஸ்க்குகளை அது பெரும்பாலும் ஏற்காது. மின்சேமிப்புக்காக டிஸ்கைத் தானே நிறுத்தும் மடிக்கணினிகளில் வேண்டவே வேண்டாம், தரவு கெடலாம். தேர்ந்தெடுத்த பிறகு விண்டோஸ் திறக்காவிட்டால் 'வின் /டி:எஃப்' என்று தொடங்கிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். நன்றாக ஓடிய கணினியில் ஒருநாள் திடீரென்று இந்த டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வந்தால் பூட் செக்டர் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் குறுக்கீட்டின் முகவரி மாறியிருப்பதை இந்த டிரைவர்தான் முதலில் கவனிக்கும்.

386ஸ்பார்ட்.பார் என்ற மறைகோப்புதான் நிரந்தர சுவாப். இடம் வேண்டும் என்று அதைக் கையால் அழிக்காதீர்கள். அடுத்த முறை விண்டோஸ் சுவாப் ஃபைல் பழுதென்று புலம்பும். டபுள்ஸ்பேஸ் போன்ற சுருக்கப்பட்ட டிரைவில் அதை அமைக்கவும் முடியாது.

ஸ்மார்ட்டிரைவ் கேஷ் (டிஸ்கில் படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் நிரல்) 4 எம்பி கணினியில் இயல்பாக டாஸில் 1 எம்பி எடுத்து, விண்டோஸ் திறந்ததும் 512 கேபி-யாகச் சுருங்கும். 8 எம்பி-யும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு நிலையிலும் 2 எம்பி. டிஸ்க் விளக்கு ஓயாமல் எரியும் 4 எம்பி கணினியில் விண்டோஸ் அளவை 256 ஆக இறக்கிப் பாருங்கள். ரேம் போதாதபோது பெரிய கேஷ் வைப்பது டிஸ்க் வேலையைக் கூட்டவே செய்யும். விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11-இல் 32-பிட் ஃபைல் ஆக்ஸஸ் ஓடினால் அதற்குத் தனிக் கேஷ் உண்டு. ஸ்மார்ட்டிரைவுக்கு 128 கேபி மட்டும் விட்டால் போதும்.

இவை எல்லாம் செய்தும் விளக்கு அணையவில்லை என்றால் ரேம் கூட்டுங்கள். 4-லிருந்து 8 எம்பி-க்குப் போவது, வேறெந்த அமைப்பு மாற்றத்தையும்விடப் பெரிய வேறுபாட்டைத் தரும்.

பின்னணியில் மோடம்

9600 வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் விநாடிக்கு 960 எழுத்துகள், அதாவது ஏறக்குறைய 1.04 மில்லிவிநாடிக்கு ஒன்று. மோடம் இணையும் சீரியல் போர்ட்டில் 8250, 16450 சில்லுகள் இருந்தால் ஒரே ஓர் எழுத்துக்குத்தான் இடம். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் அது தொலைந்தது. 16550ஏ சில்லில் 16 எழுத்துகள் தேங்கலாம். எது இருக்கிறது என்பதை விண்டோஸுக்கு வெளியே எம்எஸ்டி (கணினியின் பாகங்களைக் காட்டும் நிரல்) நிரலை ஓட்டி, காம் போர்ட்ஸ் பக்கத்தில் பாருங்கள்.

எழுத்துகள் தொலைந்தால் வரிசையாக: தரவு பெறும் டாஸ் நிரலின் பிஃப்பில் டிடெக்ட் ஐடில் டைமை எடுங்கள், லாக் அப்ளிகேஷன் மெமரியைத் தேர்ந்தெடுங்கள், பின்னணி எடையை ஏற்றுங்கள். போதவில்லை என்றால் சிஸ்டம்.ஐஎன்ஐ-யில் காம்பூஸ்ட்டைம் வரியை இயல்பான 2-லிருந்து 4 ஆக்குங்கள். தொடர்பு நிரல் வந்த எழுத்தைக் கையாளக் கிடைக்கும் மில்லிவிநாடிகள் அவை. அதன் பிறகும் தொலைந்தால் சில்லை மாற்றுவதுதான் வழி.

ஓஎஸ்/2 2.x

1992-இல் வந்த, ஐபிஎம்-இன் இயங்குதளமான ஓஎஸ்/2 2.0-இல் ஓஎஸ்/2, டாஸ் நிரல்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயப் பங்கீடுதான். ஆனாலும் 'எல்லாம் உறைந்துவிட்டது' என்ற குறை அங்கேயும் உண்டு. திரை நிரல்கள் அனைத்துக்கும் விசைகளும் சுட்டி அசைவுகளும் ஒரே வரிசையில் வருகின்றன. ஒரு நிரல் தனக்கு வந்ததை எடுக்காமல் நின்றால் யாருக்கும் எதுவும் போகாது. பின்னணி வேலைகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு கடிகாரச் சோதனை இங்கும் உதவும்.

டாஸ் நிரலின் அமைப்புகளில் ஐடில் சென்சிட்டிவிட்டி 75 என்று இருக்கும். டிடெக்ட் ஐடில் டைம் செய்யும் அதே வேலை, ஆனால் அளவைக் கூட்டிக் குறைக்க முடியும். 100 வைத்தால் ஊகிப்பதே நின்றுவிடும். பின்னணியில் மெதுவாக ஓடும் நிரலுக்கு 90, பிறகு 100 என்று போங்கள். கான்ஃபிக்.சிஸ்-இல் மேக்ஸ்வெயிட் 3 என்று இருப்பது, செயலி கிடைக்காமல் ஒரு நூல் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) எத்தனை விநாடி காத்திருந்த பிறகு அதற்கு முன்னுரிமை ஏற்றப்படும் என்பதைக் குறிக்கும். பின்னணி வேலை பட்டினி கிடந்தால் 1 ஆக்கலாம். சுவாப்பாத் வரியின் கடைசி எண் சுவாப் ஃபைலின் தொடக்க அளவு, கேபி கணக்கில். ஒரு நாள் வழக்கம்போல வேலை செய்தபின் அந்த சுவாப் ஃபைலான சுவாப்பர்.டேட் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தொடக்க அளவைக் கொடுங்கள். வேலைக்கு நடுவே கோப்பு வளர்வதால் வரும் நிறுத்தங்கள் நீங்கும். விற்பனைப் பெட்டியில் 4 எம்பி போதும் என்று இருந்தாலும் 8 எம்பி-க்குக் குறைவான ரேமில் இந்த எண்களைத் திருத்த உட்காருவது வீண் வேலை.